எல்லாரும் முறைக்காங்க, அண்ணாச்சி

"அண்ணாச்சி, கோவமா இருக்கியளா?"

அவனை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். காலையில் தறிக்கூடத்துக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் வந்து கேட்டுவிடுவான். எனக்குக் கோபம் ஒன்றும் இருக்காது. தூக்கம் சரியாக இருந்திருக்காது, இல்லாவிட்டால் பல்வலியாக இருக்கும். "இல்லலே, பல்லுவலி" என்று சொன்னால் "அப்பச் சரி" என்று போய்விடுவான். பயல் நிம்மதியாகப் போகிறான் என்பது நடையிலேயே தெரியும்.

பிள்ளைகளா, உங்களுக்கு அவனைத் தெரியாது. உங்களில் மூத்தவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது என்னோடு வேலை பார்த்தவன். நம் தெருவில்தான் அவன் வீடும் இருந்தது. பெயரை நான் எழுதப் போவதில்லை. பதினாறு வயதில் ஒரு பையனை அடித்துப் போட்டுவிட்டு, அரசாங்கத்தின் கூர்நோக்கு இல்லத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவன். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லமாட்டேன். இப்போது எங்கே இருக்கிறான் என்பதும் தெரியாது. ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டுகிறான் என்று ஒருவர் சொன்னார். கேரளாவில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார்.

ஆள் ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். பேசுகிறவர் கண்ணைப் பார்க்கமாட்டான். சட்டைப் பொத்தானைப் பார்ப்பான், இல்லையென்றால் வாயைப் பார்ப்பான். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கினதற்கு அது ஒரு காரணம்.

விசைத்தறிக் கூடத்துக்குள் நீங்கள் ஒருமுறை வந்து, காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டீர்கள், ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காது. அதனால் நாங்கள் வாயால் பேசுவதில்லை. கை பாதி சொல்லும், மீதியை முகம் சொல்லும். நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம், அவர் பட்டை பட்டையாகத் திருநீறு பூசுகிறவர். எந்த மனநிலையில் வருகிறார் என்பதை முகத்தில்தான் காட்ட வேண்டும். மீரான் மேஸ்திரி என்று ஒருவர் இருந்தார், தறி ரிப்பேர் பார்ப்பவர். புருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுவார். கரண்ட் போய் எல்லாத் தறியும் சட்டென்று நின்றால், அந்த அமைதியிலும் நாங்கள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் முகத்தைக் கோணிக்கொண்டு நிற்போம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

கைச் சாடை அவனுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. முகம்தான் வரவே இல்லை.

ஒருநாள் மேஸ்திரி நெற்றியில் மூன்று விரலை இழுத்து, கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டிக் காட்டினார். முதலாளி கொதித்துப்போய் வருகிறார் என்று புரிந்து ஆளாளுக்குத் தறிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டோம். இவன் நேரே முதலாளியிடம் போய் சிரித்த முகமாக லீவு கேட்டான். கிடைத்த வசவைச் சொல்ல வேண்டியதில்லை. டீ நேரத்தில் மேஸ்திரி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ல, நான் இம்புட்டு மூஞ்சியக் காட்டுதேன், நீ பாட்டுக்குப் போயி லீவு கேக்க?"

"மூணு விரல் போட்டிய. மொதலாளி வாராருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"மூஞ்சிய என்னலே செஞ்ச? அதப் பாக்கலியா?"

"பாத்தேன் மேஸ்திரி. எப்பவும் போலத்தான இருந்துச்சு."

"அது சரி," என்றார் மேஸ்திரி. "எம் பொண்டாட்டியும் இதத்தான் சொல்லுதா."

எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரிப்பு மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும். யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்துகொள்வான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கோயில் வாசலில் நிற்கும்போது அவன் மட்டும் வரமாட்டான். "ஏலே, வெளியூர்க்காரனெல்லாம் பஸ் பிடிச்சு வாரான், உனக்கு என்ன?" என்று கேட்டேன். "எல்லாரும் முறைக்காங்க, அண்ணாச்சி" என்றான். அம்மனைப் பார்க்க எக்கி எக்கி நிற்கிற கூட்டம், நெருக்கடியில் பிள்ளையைத் தொலைத்துவிடுவோமோ என்று மிரளுகிற தாய்மார், கால் மிதிபட்டவர்கள். அத்தனை முகமும் அவனுக்கு முறைக்கிற முகம். அவ்வளவு பேர் தன்னையே முறைத்தால் யார்தான் போவார்கள்?

முறைக்கிறது என்ற வார்த்தையை நீங்களும் தினம் கேட்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூட வாசலில், பூ மார்க்கெட் பக்கத்தில், பையன்கள் சண்டை எல்லாம் அதில்தான் ஆரம்பிக்கிறது. "என்னல முறைக்க?" அவன் செய்த குற்றமும் அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு சைக்கிளுக்காகக் கூடப் படித்த பையனோடு வாய்த்தகராறு. இவன் கல்லை எடுத்திருக்கிறான். அந்தப் பையனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏன் அடித்தாய் என்று போலீஸ் கேட்டதற்கும், அம்மா கேட்டதற்கும், டீக்கடையில் நான் கேட்டதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தான். "அவன் முறைச்சான்."

அவன் மனசு எப்படிப்பட்டது என்று எங்களுக்குக் குழப்பம் வந்தது செல்வி அக்கா விஷயத்தில். செல்வி அக்கா எங்கள் கூடத்தில் தார் மிஷினில் நூல் சுற்றுகிறவள். ஒருநாள் அவள் முந்தானை மிஷின் பெல்ட்டில் சிக்கிவிட்டது. சேலை இழுக்க இழுக்க அவளும் பெல்ட் பக்கம் போகிறாள். கத்துகிறாள். அந்தச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றவன் இவன் ஒருத்தன்தான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சுவிட்சும் அவன் பக்கம்தான் இருந்தது. தற்செயலாகத் திரும்பிய மீரான் மேஸ்திரிதான் ஓடிப்போய் அணைத்தார். சேலை கிழிந்து, தோளில் கன்றிப்போனதோடு தப்பினாள்.

"அல்லா காப்பாத்துனான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார் மேஸ்திரி. பிறகு அவனைப் பார்த்து, "மரம் மாதிரி நின்னுட்டிருந்தியேல. மனுசன்தானா நீ?" என்றார்.

"அக்கா என்னைய ஏசுதாகன்னு நெனச்சேன்" என்றான். "நான் என்ன செஞ்சேன், எதுக்கு ஏசுதாகன்னு யோசிச்சிட்டு நின்னேன்."

செல்வி அக்கா தோளைப் பிடித்துக்கொண்டே அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொய் சொல்லல இவன்" என்றாள். "இவனுக்குக் கண்ணுல கோளாறு."

அந்தப் பேச்சை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். தறிக்காரர்களுக்கு இழை தெரியவில்லை என்றால் உடனே கண் டாக்டரிடம்தான் போவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம். நானும் மேஸ்திரியும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். கடைசி வரியில் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்து வரைக்கும் கடகடவென்று வாசித்தான். "நல்ல கண்ணு, கண்ணாடி வேண்டாம்" என்றார் டாக்டர்.

மேஸ்திரி விடவில்லை. "கண்ணு நல்லாருந்தா இவனுக்கு ஏன் சார் முகம் தெரிய மாட்டேங்கு?"

என்ன நடந்தது என்று டாக்டர் உட்காரவைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது கண்ணுல இல்லீங்க, கண்ணுக்குப் பின்னால" என்று சொல்லி, திருநெல்வேலியில் மனநல டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

அவன் அப்பா முன்னமே இறந்துவிட்டார். அம்மா பீடி சுற்றுகிறவர்கள், வரமாட்டேன் என்றுவிட்டார்கள். "போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சு கால் தேஞ்சுபோச்சுய்யா. நீரே கூட்டிட்டுப் போயிட்டு வாரும்." அதனால் நான்தான் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. லேப்டாப்பில் முகங்களாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டார். சிரிப்பு எல்லாம் சரியாகச் சொன்னான். கோபம் சரி. அடுத்து ஒரு பெண்ணின் முகம். கண் அகன்று, புருவம் ஏறி, வாய் திறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே பயந்துபோன முகம் என்று தெரிந்துவிட்டது.

"இந்தம்மா முறைக்காங்க" என்றான்.

இன்னொரு முகம், ஒரு சின்னப் பையன். "இவனும் முறைக்கான்."

"நல்லாப் பாருப்பா. வாயைப் பாக்காத, கண்ணைப் பாரு" என்றார் டாக்டரம்மா. அவன் பார்த்தான். நெற்றி வேர்த்துவிட்டது. "முறைக்கான்" என்றான் மறுபடியும்.

"வீட்டுல உன்னைய அடிப்பாங்களா?"

"அப்பா அடிப்பாரு. அப்பாவுக்குக் கண்ணு பெருசாச்சுன்னா அடி விழும்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். மூளைக்கு உள்ளே, காதுக்கு நேர் உள்பக்கமாக, வாதுமைப் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. எதிரில் நிற்கிறவர் பயப்படுகிறார் என்பதை நாம் யோசிக்கும் முன்னே அது நமக்குச் சொல்லிவிடும். குற்றம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளில் சிலருக்கு அது சரியாகச் சொல்வதில்லை. பயந்த முகமும் கோபமான முகமும் அவர்களுக்கு ஒன்றுபோல இருக்கும்.

"அப்ப இதனாலதான் அந்தப் பையன அடிச்சானாம்மா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. முகம் தெரியாத எல்லாருமா கல்லைத் தூக்குறாங்க? இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. ஆனா பழகினா கொஞ்சம் கொஞ்சமா வரும்." அவன் பக்கம் திரும்பி, "கண்ணுல கறுப்புக்கு மேல வெள்ளை தெரியுதான்னு பாரு. புருவம் நடுவுல ஏறியிருக்கான்னு பாரு. அப்படி இருந்தா அவங்க உன்னைய முறைக்கல. பயந்திருக்காங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற ஆட்களின் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான். பனவடலிசத்திரம் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி. அன்னைக்கு அந்தப் பய முறைக்கலையோ?"

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"கண்ணு பெருசாச்சு அண்ணாச்சி. மேல வெள்ளை தெரிஞ்சுது. இப்பவும் எனக்கு அப்படியே தெரியுது. நான் அடிக்க அடிக்க இன்னும் பெருசாச்சு. இன்னும் முறைக்கானேன்னுதான் நான் நிறுத்தல."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் அவர் முகத்தையும் பார்த்தான். "இது என்ன அண்ணாச்சி?" என்று என் காதில் மெதுவாகக் கேட்டான். எனக்கு இன்றைக்கும் அந்த வழியில் பஸ்ஸில் போனால், பனவடலி தாண்டியதும் யாரோ பக்கத்தில் பேசப்போகிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு அவன் 'கோவமா' என்று கேட்பதை விட்டுவிட்டான். "அண்ணாச்சி, பயமா இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தான். டீக்கடையில், ரோட்டில், தறிக்கூட வாசலில், முகத்துக்கு நேரே வந்து கண்ணைப் பார்த்துக் கேட்பான். கோபமா என்று கேட்டபோது சிரித்த ஆட்கள் இதற்குச் சிரிக்கவில்லை. "தள்ளிப் போலே" என்றார்கள். முதலாளியே என்னைக் கூப்பிட்டு, "என்னவே, அந்தப் பய மெரட்டுத மாதிரி கேக்கான்?" என்றார்.

செல்வி அக்கா ஒருத்திதான் சலித்துக்கொள்ளவில்லை. டீ நேரத்தில் அவனை எதிரே உட்காரவைத்து முகத்தை மாற்றி மாற்றிக் காட்டுவாள்.

"இது என்னலே?"

"சிரிப்பு."

"இது?"

"பயம்."

"நாசமாப் போச்சு. அது எம் மாமியாள நெனச்சுக்கிட்டுக் காட்டுனது."

"அப்பப் பயந்தானக்கா?" என்றார் மேஸ்திரி.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவன் அக்கா பிரசவத்துக்கு வந்தாள். திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். அவன் அந்தப் பையனை அடித்துவிட்டு ரத்தச் சட்டையோடு வீட்டுக்குள் வந்த அன்று, வாசலில் அவனுக்கு எதிரே நின்றவள் இந்த அக்காதான். அவளைப் பார்த்தும் "நீ ஏன் முறைக்க?" என்று கையை ஓங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் அவனோடு தனியாக ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை. அவள் வந்ததும் அம்மா அவனிடம், "பிள்ளை பொறந்து அவ புருசன் வீட்டுக்குப் போற வரைக்கும் நீ தறிக்கூடத்துலயே படுத்துக்கோ. வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. உங்கள் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, செல்வி அக்காவுக்குப் போனில் படம் அனுப்பினாள். அவன் அந்தப் போனை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

"இது என்ன முகம்க்கா? ஒண்ணும் தெரியலியே."

"பொறந்த பிள்ளைக்கு என்னலே தெரியும்? இன்னும் ஒரு முகமும் வரல. இனிமேத்தான் நம்மளப் பாத்துப் பழகும்."

அது அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தறியில் பாவு நூல் மாற்றும்போதும் அறுந்த இழையை முடிச்சுப் போடும்போதும் ஒரே பேச்சு. "அண்ணாச்சி, நான் ஒரு தடவ பிள்ளையப் பாத்துட்டா போதும். நீங்க கூட வாங்க. நீங்க வந்தா அம்மா விடும்." அந்தப் பிள்ளையின் முகத்தில் முதன்முதலாக என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும், அதிலிருந்து தானும் பழகிக்கொள்ள வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா வாசலில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு காலை மடக்கி வழி விட்டார்கள். அக்கா உள்ளே கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவன் வாசல்படியில் நின்றான். தலையைத் தூக்கினான். அவன் ஒருத்தர் கண்ணை நேராகப் பார்த்து அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"அக்கா," என்றான். "நீ முறைக்கல. உனக்குப் பயம்."

சரியாகச் சொல்லிவிட்டான். பயந்த முகத்தை ஒரு படத்தில்கூடச் சரியாகச் சொல்லாதவன் அங்கே சரியாகச் சொன்னான். எங்களில் யாருக்கும் அதற்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அவள் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"ஆமால," என்றாள் கடைசியில். "பயமாத்தான் இருக்கு."

அவன் தலையாட்டினான். வருத்தம் அவன் முகத்தில் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

"நான் எங்கன நின்னா உனக்குப் பயம் வராது?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், கரண்ட் கம்பத்தைக் காட்டினாள். "அங்கன."

அவன் இறங்கி நடந்து போய்க் கம்பத்துப் பக்கத்தில் நின்றான். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள், முகம் தெருவைப் பார்க்கிற மாதிரித் திருப்பிப் பிடித்தாள். நான் அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளையைச் சுற்றியிருந்த மஞ்சள் துணிதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. "நல்லாத் தெரியுது அண்ணாச்சி" என்றான் அவன்.

பிறகு தினமும் வேலை முடிந்ததும் அங்கே வந்து நிற்பான். அவள் ஜன்னலுக்கு வருவாள். கம்பத்தைத் தாண்டி ஓர் அடி அவன் இந்தப் பக்கம் வைத்ததில்லை. அவளும் வா என்று கூப்பிட்டதில்லை.

புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ஆட்டோ வந்தது. நானும் உங்கள் அம்மாவும் வழியனுப்ப நின்றோம். ஆட்டோவைத் திருப்ப இடமில்லாமல் டிரைவர் கம்பத்தை ஒட்டி ஓட்டிக்கொண்டு போனார். தன் பக்கமாக ஆட்டோ வருகிறது என்று தெரிந்ததும் அவன் சட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். தன்னைக் கிட்டத்தில் பார்த்தால் அவள் பயந்துவிடுவாள் என்று.

அவனைக் கடக்கும்போது ஆட்டோ நடை வேகத்தில்தான் போனது. உள்ளே அவள் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எட்டி, அவன் முதுகையே பார்த்தாள். வாய் அசைந்தது. கூப்பிட்டாளா, பிள்ளையிடம் 'மாமா' என்று காட்டினாளா, ஆட்டோ சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் முகம் பார்த்தேன், அதில் பயம் இல்லை. தறிக்கூடத்தில் இத்தனை வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவன் நான்.

தெரு முனையில் ஆட்டோ திரும்பிய பிறகுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா பயந்தாளா அண்ணாச்சி?"

"இல்லலே. உன்னையத்தான் பாத்துக்கிட்டே போனா. அவ முகத்துல பயமே இல்ல."

அவன் என் கண்ணைப் பார்த்தான். ரொம்ப நேரம், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி, வெள்ளையையும் புருவத்தையும் தேடித் தேடிப் பார்த்தான்.

"எனக்காகச் சொல்லுதிய" என்றான்.